கம்ப்ரசர் போகல, அண்ணாச்சி

ஏ.சி. மெக்கானிக்கை யாரும் குளிர்ந்த முகத்தோடு வரவேற்பதில்லை. நாம் போய்ச் சேரும்போது அங்கே எல்லாருக்கும் வேர்த்துக்கொண்டிருக்கும், அந்தக் கோபத்தில் பாதி நம்மேல்தான். ஏணியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி இறங்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இலஞ்சியில் வீடு, தென்காசி, குற்றாலம் சுற்றுவட்டாரத்தில் வேலை என்று என் பிழைப்பும் அதுதான்.

மதியக் காய்ச்சல்

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ். சாப்பாட்டு ஹாலின் பெரிய ஏ.சி. காலையில் நன்றாக ஓடும். மதியம் ஒரு மணிக்குமேல் கம்ப்ரசர் சூடேறித் தானாக நின்றுவிடும். மானேஜர் போன் செய்வார். கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு நான் போக நாலரை ஆகிவிடும். அதற்குள் அது ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கும். கேஸ் பிரஷர் பார்த்தேன், சரியாக இருந்தது. ஃபேன் மோட்டாரையும் பார்த்தேன், அதிலும் குறையில்லை. மூன்றாம் நாள், மானேஜருக்கு என்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நாலாம் நாள் பன்னிரண்டு மணிக்கே போய் மாடியில் உட்கார்ந்துகொண்டேன். அருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் ஈரத்துணியோடு மேலே வந்தது. சாரல் நேரத்தில் வேறெங்கே துணி காயும்? அவுட்டோர் யூனிட்டின் தலையில் ஃபேன் அனல்காற்றைத் தள்ளுகிற கம்பிவலைமேல் மூன்று வேட்டி, இரண்டு துண்டு, ஒரு சேலை என்று விரித்தார்கள். பறக்காமலிருக்க ஓரத்தில் செங்கல் வேறு. வெளியேற வழியில்லாத சூடு உள்ளேயே தங்கி, கால்மணி நேரத்தில் கம்ப்ரசர் நின்றது. எனக்குக் கோபமே வரவில்லை, நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டுப் பெரியவர் துணிகளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "நேத்து ரூமைக் காலி பண்ணிட்டுப் போனவங்கதான் தம்பி, இங்கன போட்டா சீக்கிரம் காயும்னு சொல்லிட்டுப் போனாவ."

அவசரப்பட்ட வாய்

ஆய்க்குடிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம். ஏ.சி.யைப் போட்டால் காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை. மாடியில் இரண்டு கம்ப்ரசரும் கல்லை அரைப்பதுபோலக் கத்திக்கொண்டிருந்தன. இரண்டும் ஒரே நாளில் எப்படிப் போகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல், "ரெண்டு கம்ப்ரசரும் போச்சு அண்ணாச்சி" என்று மண்டபக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். புதுசு மதுரையிலிருந்து வர இரண்டு நாளாகும். பெண்வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

அந்தச் சமயத்தில் சமையல்காரர் மேலே வந்து, மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று புலம்பினார். எனக்குச் சுருக்கென்றது. "மெயின் போர்டுல யாராவது கை வச்சாங்களா?" என்று கேட்டேன். முந்தின நாள்தான் ஆள் வைத்துப் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். மும்முனைக் கரன்ட் வரும் மூன்று பேஸ் வயரில் இரண்டு இடம் மாறியதால், தண்ணீர் மோட்டாரும் கம்ப்ரசர்களும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மெயினை அணைத்துவிட்டு அந்த இரண்டு வயரையும் மாற்றிப் போட்டேன். சத்தம் அடங்கியது, பத்து நிமிஷத்தில் ஹாலில் குளிர் இறங்கியது. "கம்ப்ரசர் போகல அண்ணாச்சி, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது போகல, சரி. என் உயிருல்லா போய்ட்டுத் திரும்பி வந்திருக்கு."

டாக்டர் ரூமிலிருந்து ஒன்று

தென்காசியில் ஒரு ஸ்கேன் சென்டர். அறை குளிர்ந்தால்தான் ஸ்கேன் மிஷின் ஓடும், அந்த அறையின் ஏ.சி. நின்றுவிட்டது. ராயகிரியில் தென்னைமரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்து வராந்தாவில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய மனைவி ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவேயில்லை. நான் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தேன். ஃபேனைச் சுழலவைக்கும் கப்பாசிட்டர் உப்பிப்போய்க் கிடந்தது. ஃபேன் சுற்றாததால் கம்ப்ரசரும் நின்றுவிட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேர் கடை பூட்டு. அதே மாடல் ஏ.சி. டாக்டரின் ரூமில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தயங்கித்தான் டாக்டரிடம் கேட்டேன். "கேட்டுக்கிட்டு நிக்காதீங்க, கழட்டுங்க" என்றார்.

அதிலிருந்த கப்பாசிட்டரைக் கழற்றி இதில் மாட்டினேன். ஃபேன் ஒரு சுற்று தயங்கிவிட்டு வேகம் எடுத்தது. கொஞ்ச நேரத்தில் அறை குளிர்ந்து, ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. என் வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் கிளம்ப மனம் வரவில்லை. டாக்டர் சட்டையெல்லாம் வேர்வையாக வெளியே வந்து, தலைக்குள் ரத்தக்கசிவு எதுவும் இல்லை என்றார். அந்தப் பெண் முதல் தடவையாகத் தரையில் உட்கார்ந்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "ஏ.சி.ன்னா சொகத்துக்குத்தான்னு இத்தனை நாளும் நெனச்சிட்டிருந்தேன், அண்ணே."

வேலை ஒழுங்காக முடிந்துவிட்டால் நாம் ஏணியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நம் தொழிலில் அதுதான் பாராட்டு விழா.