அக்காவுக்காகத் தேடிய மருந்தாய்வு

பெர்கனில் மருந்தாய்வுக்கு ஆள் கேட்டுப் பேருந்து நிறுத்தத்திலேயே நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். நார்வேக்கு வந்த புதிதில் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. எங்கள் தாம்பரத்தில் அந்த இடத்தில் டியூஷன் சென்டரோ மனை விற்பனையோதான் இருக்கும். மருந்து ஆராய்ச்சி என்றால் நாம் குரலைத் தாழ்த்திக்கொள்வோம். இங்கே மழைக்கோட்டு போட்ட ஒரு பெரியவர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, எண்ணைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அக்கா ஜெசிந்தாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு நானும் நின்று படிக்க ஆரம்பித்தேன். அக்கா கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு டீச்சர். முடிச்சூரில் தனியாக இருக்கிறாள். அறுவை சிகிச்சை முடிந்து கதிர்வீச்சு நடந்துகொண்டிருந்தது. அவளுடையது ஹார்மோனால் வளரும் வகைக் கட்டி. அதனால் கதிர்வீச்சு முடிந்ததும் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையைப் பல வருடங்கள் சாப்பிட வேண்டும் என்றிருந்தார் டாக்டர். அந்த வகைக்குப் புது மாத்திரைகளைச் சோதித்துவருகிறார்கள் என்று எங்கோ படித்தேன். தூரத்தில் இருப்பவளால் வேறென்ன செய்ய முடியும்? தேடினேன்.

இங்குள்ள மருத்துவமனை ஒன்றில் எனக்குத் தெரிந்த அரைகுறை நார்வே மொழியில் விசாரித்தேன். அங்கிருந்த நர்ஸ் கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். நோயாளி நான்தான் என்று நினைத்துவிட்டார். எனக்கல்ல, அக்காவுக்கு, அவள் இந்தியாவில் இருக்கிறாள் என்று புரியவைத்தபோதும் அவர் கையை விடவில்லை. இங்கே நடக்கும் ஆய்வில் இங்கே வசிப்பவர்களைத்தான் சேர்ப்பார்கள் என்றார். மருந்தாய்வுகளின் பொதுப் பதிவேடு உங்கள் நாட்டிலும் இருக்கும், நோயின் பெயரையும் ஊரையும் போட்டுத் தேடுங்கள் என்று வழி சொன்னார்.

தேடியதில் சென்னையிலேயே ஒன்று கிடைத்தது. ஆனால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையை இன்னும் தொடங்காதவர்களைத்தான் அதில் எடுப்பார்கள். அக்கா இன்னும் தொடங்கவில்லை என்பதால் அன்றே அவளிடம் சொன்னேன்.

“என்மேல சோதனை பண்ணிப் பாக்கச் சொல்றியா? அங்க உக்காந்துகிட்டு ஈஸியா சொல்லிட்ட,” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் அவளே கூப்பிட்டாள். புது மாத்திரை கிடைக்காதவர்களுக்கு வெறும் மாவு மாத்திரையா கொடுப்பார்கள், பாதியில் விலகினால் வைத்தியத்தை நிறுத்திவிடுவார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு வழக்கமான மாத்திரையே கிடைக்கும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வைத்தியம் தொடரும் என்று படித்துச் சொன்னேன். “சரி, போய்க் கேப்போம். நீயும் வா,” என்றாள்.

லீவு போட்டு வந்தேன். அந்த ஆய்வை நடத்தும் டாக்டர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். “யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் பிரிக்கும், டீச்சர். நான் நெனச்சாலும் மாத்த முடியாது.” அக்கா வீட்டுக்கு வந்து யோசித்து, மறுவாரம் போய்ச் சம்மதித்தாள். பரிசோதனைகள் முடிந்து கம்ப்யூட்டரின் முடிவு வந்தது. அவளுக்கு விழுந்தது வழக்கமான மாத்திரை.

கேன்டீனில் காபியைக் குடிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன் என்றிருந்தது. அக்கா நிதானமாக வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

“பழசச் சாப்பிட ஆள் இல்லன்னா புதுசு நல்லதுன்னு எத வச்சுடி சொல்லுவாங்க? எனக்குப் பழசே வேலை செஞ்சா நல்லதுதானே. இன்னும் நல்லதா ஒண்ணு இருந்தா பின்னால வர்றவங்களுக்குத் தெரியட்டும்.”

அவள் முகத்தில் ஏமாற்றம் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் என்னால் காபியைக் குடிக்க முடிந்தது.

கிளம்பும் முன் ஆய்வு நர்ஸ் அக்காவிடம், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா எதிர்வீட்டு பானுவின் நம்பரைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். பானுவிடம் ஸ்கூட்டி இருக்கிறது. வீட்டு மாற்றுச் சாவியும் அவளிடம்தான். நர்ஸ் என்னைப் பார்த்து, “இவங்க யாரு?” என்றார்.

“தங்கச்சி. ஊர்லேர்ந்து வந்திருக்கா,” என்றாள் அக்கா.

முடிச்சூரில் பிறந்தவள் நான். எந்த ஊர் என்று நர்ஸ் கேட்கவில்லை.