தங்கை வாசித்துக் காட்டிய கட்டுரை

கத்தரி என்று அவருக்குப் பெயர் வைத்தது எந்த வருஷத்துப் பிள்ளைகளோ, யாருக்கும் நினைவில்லை. மதிப்பெண்ணை ஈவு இரக்கமில்லாமல் வெட்டுவார் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் விமர்சனக் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுப்பது அவர் வேலை. பத்திரிகைத் தலையங்கம் எதையாவது கையில் கொடுத்து, "என்ன சொல்றான்னு எனக்கே தெரியும். எப்படி நம்ப வைக்கிறான், எதை மறைக்கிறான், அதைச் சொல்லு" என்பார். கட்டுரையில் சொந்தப் புத்தி தெரியாவிட்டால் தொலைந்தது.

அவருக்குக் கண் கெட்டது கொஞ்சம் கொஞ்சமாகத்தான். நேராகப் பார்க்கிற இடத்தில் ஒரு அழுக்குக் கறை உட்கார்ந்துகொண்டது. சுவர் தெரியும், சன்னல் தெரியும், ஓரத்தில் நிற்கிற ஆள் தெரியும். படிக்க நினைத்த எழுத்து மட்டும் இருக்காது. "போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடத்தில் அவர் மூச்சு விடவில்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான், பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று கணக்கு. பாடமெல்லாம் மனப்பாடம். யாரையாவது எழுப்பி வாசிக்கச் சொல்லிவிட்டால் வகுப்பு நகர்ந்துவிடும். திருத்துவதற்குத்தான் வழியில்லை. அதற்குத் தங்கையைப் பிடித்தார்.

கட்டிக்கொடுத்த வீட்டோடு ஒத்துவராமல் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் அவள். ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிற வேலை. பள்ளிப் படிப்பை எப்படியோ முடித்திருந்தாள். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். கடைக்கு லீவு கிடைக்கிற நாளில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டுக் கட்டுரைத்தாள் கட்டைப் பிரிப்பாள். அவள் வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்பார். மதிப்பெண்ணும் குறிப்பும் அவர் சொல்லச் சொல்ல, அவள் சிவப்புப் பேனாவில் எழுதுவாள்.

ஆரம்பத்தில் வார்த்தைக்கு வார்த்தை நிறுத்தினார்.

"அப்படி இல்ல. திரும்பச் சொல்லு."

அவள் திரும்பச் சொன்னாள்.

"இன்னும் மோசம். நீ வாசிச்சா எழுதினவனே நான் எழுதலன்னு ஓடிப்போயிடுவான்."

அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஆனால் அதற்கப்புறம் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் வார்த்தை எது வந்தாலும் அதைத் தாண்டிக் குதிக்க ஆரம்பித்தாள். வார்த்தை போய், வரி போய், சில நேரம் அரைப் பத்தியே போனது. வாசிப்பு தடங்கலில்லாமல் ஓடியது. "பரவாயில்லையே, தேறிட்டே" என்று பாராட்டினார் அண்ணன். அவள் அடுத்த தாளை எடுத்தாள்.

அந்த முறை கொடுத்தது, ஒரு நூற்பாலையை மூடுவதே ஊருக்கு நல்லது என்று வாதாடும் தலையங்கம். கடைசி பெஞ்சில் உட்கார்கிற, வாயே திறக்காத ஒரு பெண்ணின் கட்டுரையைத் தங்கை வாசித்தாள். தலையங்கத்து வரிகளை அந்தப் பெண் மேற்கோள் குறிக்குள் எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றையும் அடுத்த வரியில் கிழித்திருந்தாள். தங்கைக்கு மேற்கோளும் ஒன்றுதான், மற்றதும் ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்தாள். கிழித்த வரிகளில்தான் கடினமான வார்த்தைகள் இருந்தன. அவற்றைத் தாண்டிவிட்டாள்.

அவர் காதில் விழுந்தது தலையங்கம் மட்டும்.

"சரியான காப்பி. பாஸ் கிடையாது" என்றார். "எழுதிக்கோ. பத்திரிகை சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கிறாய். சொந்தமாக ஒரு வரிகூட யோசிக்கவில்லை."

தங்கையின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதினாள்.

தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் அந்தப் பெண் ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"சார், நான் எங்க சார் யோசிக்கல?"

"எல்லா இடத்துலயும்தான்."

"ஒரு இடம் காட்டுங்க சார்." தாளை அவர் முன்னால் வைத்தாள். "இந்தப் பத்தி மட்டும் படிச்சுப் பாருங்க."

அவர் தாளை எடுத்தார். வெள்ளை தெரிந்தது, ஓரத்தில் சிவப்பு தெரிந்தது. நடுவில் கறை.

"படிச்சாச்சு. மார்க் வேணும்னு வந்து நிக்க வெக்கமா இல்ல?"

பக்கத்து மேஜைகளில் பேச்சு நின்றது. அந்தப் பெண் அழவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போனாள்.

தலைமை ஆசிரியை அவருக்கு மரியாதை குறைக்காமல்தான் பேசினார். "நான் படிச்சேன் சார். எனக்கு நல்லாதான் பட்டுது. இந்த ரெண்டாவது பக்கத்தைக் கொஞ்சம் வாசிங்களேன், பேசிக்கலாம்."

அவர் தாளைக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். தலைமை ஆசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளா சார் இப்படி?"

அவர் தாளை மேஜைமேல் வைத்துவிட்டார்.

பிறகு அந்தக் கட்டுரையைத் தலைமை ஆசிரியையே நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். 'வேலைகள் போகும்' என்று எழுதுகிறார்கள், வேலைகள் தானாக எழுந்து எங்கே போகின்றன, அனுப்புகிறவர் பெயர் ஏன் ஒரு வரியிலும் இல்லை என்று கேட்டிருந்தாள் அந்தப் பெண். இத்தனை வருஷமாக எந்தக் கேள்விக்காகப் பிள்ளைகளைத் திட்டித் தீர்த்தாரோ, அந்தக் கேள்வி.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார். "விட்டு விட்டு வாசிச்சியா?"

"ஆமாண்ணா."

"ஏன்?"

"சொல்லத் தெரியல. தப்பாச் சொன்னா நீங்க சிரிப்பீங்க."

"அதுக்காக ஒரு பொண்ணு பொழப்புல மண்ணைப் போடுவியா?"

"மார்க் போட்டது நானா?" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை.

அந்த வருஷத்துக் கட்டுகள் எல்லாம் மறுபடி திருத்தப்பட்டன. பல பேருக்கு மதிப்பெண் ஏறியது. சில பேருக்கு, எல்லோரும் வியக்கும்படி, இறங்கியது. உடல்நிலை காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அவர் விலகிக்கொண்டார். பிரிவு உபசாரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

கடைசி நாளில் நடைபாதையில் காத்திருந்து, குரலை வைத்து அந்தப் பெண்ணை அடையாளம் கண்டுபிடித்தார். ஆங்கில மதிப்பெண்ணை வைத்துத்தான் இலக்கியப் பிரிவில் இடம் கொடுப்பார்கள். மறுமதிப்பீடு வருவதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன; அவள் கணக்குப்பதிவுப் பிரிவுக்குப் போயிருந்தாள்.

"நீ நல்லா எழுதியிருந்தேம்மா."

"தெரியும் சார்" என்றாள். மணி அடித்தது. போய்விட்டாள்.

இப்போது ஓரத்தில் தெரிந்ததும் மங்கிக்கொண்டு வருகிறது. தங்கை காலையில் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறாள், திரும்பி வந்து துணி துவைக்கிறாள், அவர் கேட்டால் பதில் சொல்கிறாள். ஒரு குறையும் வைப்பதில்லை. போன வாரம் டாக்டர் கொடுத்த சீட்டை நீட்டி, என்ன போட்டிருக்கிறது வாசி என்றார். வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

"பக்கத்து வீட்டுக்காரர் வருவார், அவர்கிட்டக் கேளுங்க."

"கோவமா?"

"இல்லண்ணா" என்று சொல்லிவிட்டு, இஸ்திரி சூட்டில் காய்ப்பேறிய கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.