திருக்கைவால் இராஜாங்கம்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் போல ஒரு வியாபார ஸ்தலம் உலகத்தில் கிடையாது. ஒருமுறை சாத்தினால் எப்போது திறக்கும் என்று அதைச் சாத்தியவருக்கே தெரியாது. என் டீக்கடை அந்தப் புண்ணியத்தில்தான் ஓடிற்று. எனக்கு எதிர்வாடையில் இராஜாங்கத்தின் பழம்பொருள் கடை. தஞ்சாவூர் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் காரில் போகிறவர்கள் கேட்டில் மாட்டிக்கொண்டு, என்னிடம் ஒரு டீயும் குடித்துவிட்டு, வேறு வேலை இல்லாத குறைக்கு அவனிடம் ஒரு பழைய கூஜாவையும் வாங்கிக்கொண்டு போவார்கள். கூஜா எதற்கு என்று வீட்டுக்குப் போய்த்தான் யோசிப்பார்கள் போலிருக்கிறது.

இராஜாங்கம் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. நன்னிலம் போகிற பக்கத்தில் மேலப்பண்ணை என்று ஒரு பெரிய பண்ணை இருந்தது. அவன் அப்பா மருதையன் அங்கேதான் வேலை பார்த்தார். இராஜாங்கத்துக்குச் சேறு என்றால் ஆகாது. சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு, பழைய இரும்பு, பித்தளை, ஈயம் என்று கூவிக் கிளம்பிவிட்டான். அந்தச் சமயம் பார்த்து நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. நாட்டை ஆள்வது கழகம், வயலில் நிற்பது செங்கொடி என்று ஆனதும் மிராசுதார்கள் பாதி நிலத்தை மச்சான் பேருக்கும் மாட்டுக்காரன் பேருக்கும் எழுதிவைத்தார்கள். எழுதிவைத்த நிலம் திரும்பி வராமல் போனதும் வீட்டுச் சாமான்களை விற்க ஆரம்பித்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஊஞ்சல் பலகை, ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி, தேக்குக் கதவு எல்லாம் இராஜாங்கத்தின் சைக்கிளில் ஏறின. கதவு எப்படி சைக்கிளில் ஏறும் என்று கேட்காதீர்கள், நான் கண்ணால் பார்த்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இராஜாங்கம் வாசல் வழியாகத்தான் போவேன் என்று நிற்பான். அவன் பாட்டன் பூட்டன் யாரும் அந்த வாசலை மிதித்ததில்லை. விற்கிறவர்களோ ஊர் பார்த்துவிடும் என்று பயந்து, கொல்லைப் பக்கமா வாப்பா, உனக்குப் புண்ணியமாப் போகும் என்று கெஞ்சுவார்கள். இந்தப் பஞ்சாயத்து முடிய அரை நாள் ஆகும்.

சவுக்கு வியாபாரம் தற்செயலாகத்தான் தொடங்கியது. மெட்ராஸிலிருந்து வந்த ஒரு டாக்டரம்மா கடையில் இருந்ததை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, "பண்ணையாளுங்களை அடிக்கிற சவுக்கு வச்சிருக்கீங்களா? எங்க ஹால்ல மாட்டணும்" என்று கேட்டார். இராஜாங்கம் கண் இமைக்காமல், "அடுத்த மாசம் வாங்கம்மா" என்றான்.

எங்கே போய்த் தேடுவது? மிராசுதார்களைக் கேட்டால், எங்க வம்சத்திலேயே சவுக்கு கிடையாது, நாங்க ஆளுங்களைப் பிள்ளை மாதிரி வளர்த்தோம் என்றார்கள். ஆட்களைக் கேட்டால், வாங்கினதுதான் உண்டு, வச்சுக்கலியே என்றார்கள். கடைசியில் இராஜாங்கம் நாகூர் கடற்கரைக்குப் போய், மீன்காரர்களிடம் திருக்கை மீன் வால் வாங்கி வந்தான். சவுக்கு அந்தக் காலத்தில் அதில்தான் செய்வார்கள். முள்ளும் சொரசொரப்புமாக, தொட்டாலே கை எரியும். பழைய குடைப் பிடி ஒன்றைச் செருகி, பித்தளைப் பூண் அடித்து, எண்ணெய் பூசி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டான். அவன் பெண்டாட்டி அம்சம் புளிக்குழம்பு வைக்க வைக்க சவுக்குக்கு வயதாகிக்கொண்டே போனது. ஒரு மாதத்தில் அது நூறு வருஷத்துச் சவுக்கு.

டாக்டரம்மா வாங்கிப் போனார். அவருடைய சிநேகிதிகள் வந்தார்கள். கழக மாநாட்டுக் கண்காட்சிக்கு, பண்ணைக் கொடுமையை நாங்கள் ஒழித்தோம் என்று காட்ட ஒரு சவுக்கு போயிற்று. இல்லை, நாங்கள்தான் ஒழித்தோம் என்று காட்ட செங்கொடிச் சங்கத்து ஆபீசுக்கு ஒன்று போயிற்று. இந்தச் செய்தி காதில் விழுந்ததும் மிராசுதார்கள் பதறிப்போய், சாட்சியம் வெளியே போகக்கூடாது என்று ஆள் அனுப்பிச் சவுக்குகளை வாங்கிக் கொளுத்தினார்கள். அவர்கள் கொளுத்தக் கொளுத்த அம்சம் குழம்பு வைத்தாள். தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணை நடந்த காலத்தில் இருந்ததைவிட அதிகமான சவுக்குகள் பண்ணை ஒழிந்த பிறகுதான் இருந்தன.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, மருதையனைத் தவிர. அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர்கள் சவுக்கைத் தடவிப் பார்த்து, "நிஜமா அடிச்சதுதானா?" என்று கேட்டால், இராஜாங்கம் அப்பாவைத் துண்டை எடுக்கச் சொல்லுவான். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் குறுக்கும் நெடுக்குமாகத் தழும்பு. அதைப் பார்த்த பிறகு யாரும் பேரம் பேசமாட்டார்கள். ஆனால் மருதையன் திரும்பி, சவுக்கைக் கையில் வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இது இல்லீங்க. இது புதுசு. புளிக்குழம்பு வாடை அடிக்குது" என்று சொல்லிவிடுவார்.

"ஏம்ப்பா, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்தா போயிடும்?" என்று இராஜாங்கம் தலையில் அடித்துக்கொள்வான்.

"கோர்ட்டுல நிஜத்தைச் சொன்னேன். ஒருத்தனும் நம்பல. இப்ப பொய்யைச் சொல்லி நம்பவைக்கச் சொல்றியா?" என்பார் அவர்.

அந்தக் கோர்ட் கதை எங்கள் கேட்டுக்கே மனப்பாடம். மருதையனை அடித்தவர் மேலப்பண்ணை சிவசாமி. பண்ணை வீட்டுக் கல்யாணத்தன்று பந்தலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், தென்னையில் கட்டிவைத்து அடித்தார். மறு வருஷம் ஊருக்குச் சங்கம் வந்தது, வழக்குப் போட்டது. சிவசாமி கூண்டில் ஏறி, எங்கள் பண்ணையில் சவுக்கே கிடையாது என்று சத்தியம் செய்தார். முதுகில் இருப்பது சின்ன வயதில் வந்த ராஜபிளவைக் கட்டியின் தழும்பு என்று அவருடைய கணக்கப்பிள்ளை சாட்சி சொன்னார். வேலிக்கு ஓணான் சாட்சி. வழக்கு தள்ளுபடி. அன்றிலிருந்து மருதையனுக்கு உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். சிவசாமி நாலு பேருக்கு முன்னால், தன் வாயால், அடித்தேன் என்று சொல்லவேண்டும். சாவதற்குள் அது நடக்கவேண்டும் என்பார். நடக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் அவரிடம் மட்டும் நான் டீக்குக் காசு கேட்பதில்லை.

அப்படி இருக்கையில் நாகூரிலிருந்து மீரா சாகிப் ஒரு ஆர்டர் கொண்டுவந்தார். அவர் சிங்கப்பூருக்குப் பழம்பொருள் அனுப்புகிற பெரிய வியாபாரி. எங்கோ வெளிநாட்டு மியூசியத்தில் சவுக்கு கேட்கிறார்களாம். இராஜாங்கத்தின் சரக்கை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுக்கினார்.

"தம்பி, இந்த வேலை எல்லாம் நம்மக்கிட்ட வேணாம். அசல் ஒண்ணு வேணும். அடிச்சவரும் சொல்லணும், அடிபட்டவரும் சொல்லணும். டேப்புல பதிஞ்சு அனுப்பணும். அப்படிக் கிடைச்சா நீ இந்தக் கடையை மாடி போட்டுக் கட்டலாம்" என்றார்.

செய்தி ஆற்றுத் தண்ணீரைவிட வேகமாகப் பரவிற்று. மறு வாரமே ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. கேட் சாத்தியிருந்தது. காரிலிருந்து இறங்கியவர் சாட்சாத் மேலப்பண்ணை சிவசாமி. கூடவே அந்த ஓணான் கணக்கப்பிள்ளை, கையில் பட்டுத்துணியில் சுற்றிய நீளமான பொட்டலத்தோடு. பேத்தி கல்யாணம் பணமில்லாமல் நிற்கிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம்.

பொட்டலத்தைப் பிரித்தார்கள். திருக்கை வால்தான். ஆனால் கறுத்து, இறுகி, வெள்ளிப் பூணில் சிவசாமியின் பெயரெழுத்து பொறித்திருந்தது. மருதையன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். அவர் அதை மோந்து பார்க்கவில்லை. தோளிலிருந்து துண்டு நழுவிக் கீழே விழுந்ததையும் கவனிக்கவில்லை.

மீரா சாகிப் டேப் ரிக்கார்டரை என் டீக்கடை பெஞ்சில் வைத்தார். கேட்டில் நின்ற பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கிச் சுற்றி நின்றார்கள்.

"இது உங்களுதுதானாய்யா?" என்றார் சாகிப்.

"என்னுதேதான். இதால இவனை அடிச்சிருக்கேன்" என்றார் சிவசாமி.

"சத்தமாச் சொல்லுங்கய்யா. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் விழல" என்றார் மருதையன்.

சிவசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடிச்சேன்! தென்னையில கட்டிவச்சு அடிச்சேன்! ரத்தம் சொட்டச் சொட்ட அடிச்சேன்!" என்று கத்தினார். விலை குறைந்துவிடுமோ என்ற கவலையில், மயக்கம் போட்டு விழுந்தும் நான் விடலை என்று கூடச் சேர்த்துக்கொண்டார்.

"நான் சாட்சி. ராஜபிளவையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் ஐயா அடிச்ச அடிதான்" என்றார் கணக்கப்பிள்ளை, பெருமையாக.

பஸ் ஜனங்களில் ஒருவர் கைதட்டினார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. இராஜாங்கம் மாடிக்குப் படி எந்தப் பக்கம் வைப்பது என்று கடையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மருதையன் கண்ணில் தண்ணீர் நின்றது. இத்தனை வருஷமாகக் கேட்டது கிடைத்துவிட்டது. இனி ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொல்லவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது போலச் சிவசாமியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எதுக்குங்கய்யா அடிச்சீங்க?"

"என்னடா?"

"அடிச்சீங்கன்னு சொல்லிட்டீங்க. எதுக்குன்னு சொல்லலியே."

சிவசாமி கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

"மடையைத் திறந்து தண்ணியைத் திருப்பிவிட்டே. அதுக்கு."

"இல்லீங்க. அன்னைக்கு நான் வயப் பக்கமே போகல. உங்க வீட்டுப் பந்தல்ல வாழைமரம் கட்டிக்கிட்டிருந்தேன்."

"களத்துல நெல்லு தூக்கினே."

"சித்திரை மாசங்க அது. களத்துல ஏது நெல்லு?"

"செங்கொடி பிடிச்சே."

"சங்கம் அதுக்கு மறு வருஷந்தாங்க வந்துச்சு."

"செருப்புப் போட்டுட்டு வந்திருப்பான்" என்றார் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவர். "எதுத்துப் பேசியிருப்பார்" என்றாள் கூடைக்காரி ஒருத்தி. "மீசை வச்சிருந்தீங்களா பெரியவரே?" என்றார் கண்டக்டர். மருதையன் ஒவ்வொருவருக்கும் இல்லீங்க, இல்லீங்க என்று பொறுமையாகப் பதில் சொன்னார். ரயில் வந்தது, போனது. கேட் திறந்தும் பஸ் கிளம்பவில்லை. டிரைவரும் இறங்கி வந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

சிவசாமிக்குப் பொறுமை போய்விட்டது. "சனியனே, நீயே சொல்லித் தொலையேன்டா! எதுக்குத்தான் அடிச்சேன் உன்னை?"

"எனக்குத் தெரிஞ்சா உங்களை ஏங்கய்யா கேக்குறேன்?" என்றார் மருதையன். "அன்னையிலேருந்து யோசிக்கிறேன். என்ன தப்புப் பண்ணுனோம்னு யோசிக்காம நான் ஒரு நாளும் படுத்ததில்ல. கோர்ட்டுக்கு வந்ததே அதைக் கேக்கத்தான். நீங்க அடிக்கவே இல்லன்னுட்டீங்க. அதோட கேக்க முடியாமப் போச்சு."

இராஜாங்கம் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றான். அவனுக்கும் இது தெரியாது. தழும்பை ஊருக்கெல்லாம் காட்டியவனுக்கு அது மட்டும் தெரியாமல்தான் இருந்தது.

மீரா சாகிப் மெதுவாக, "பெரியவரே, ஐயா கல்யாண வீட்டு அவசரத்துல மறந்திருப்பாரு. சவுக்கு அசல்தானே? ஆமான்னு மட்டும் சொல்லுங்க" என்றார். இராஜாங்கம் வாயைத் திறந்தான். கடைக்கு மாடி, அம்சத்துக்குப் புகையில்லாத சமையல்கட்டு, எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஆனால் அவன் கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி அப்பாவின் தோளில் போட்டான்.

மருதையன் துண்டை இழுத்து முதுகை மூடிக்கொண்டு, டேப் ரிக்கார்டருக்குப் பக்கத்தில் குனிந்து, அது காது கேளாத மனிதன் என்பது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"என்னை அடிச்சவர் இவரில்லீங்க. இம்மாம் அடி அடிச்சவருக்கு எதுக்கு அடிச்சோம்னு தெரியாமலா இருக்கும்?"