மடியில் இருந்த பத்து விளக்குகள்

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு என்மேல் இருந்த ஆசையைவிட அவருடைய பழைய ஜப்பான் கார்மேல் இருந்த ஆசை அதிகம். முகத்துக்கு நேரே சொன்னாலும் மறுக்கமாட்டார், சிரிப்பார். மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை அவருக்கு. லீவு நாளென்றால் காருக்கு அடியில்தான் படுக்கை. தொண்ணூறுகளின் நடுவில் எங்கிருந்தோ ஒரு பெரிய கார்புரேட்டரை வாங்கிவந்து மாட்டினார். அது எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூடுதலாக விடுகிறதா, குறைவாக விடுகிறதா என்று தெரியாமல் தூக்கம் கெட்டது. முதலில் அவருடைய தூக்கம், பிறகு என்னுடையதும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கருவி இருந்தது. எக்ஸாஸ்ட் குழாயில் ஓட்டை போட்டு ஒரு சென்சாரைப் பொருத்தினால், புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை வைத்து அது சொல்லிவிடும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் கார் சாமான் கடை வைத்திருந்தவர் இரண்டு வகை எடுத்துக் காட்டினார். ஒன்று எண்ணாகவே காட்டும். ஸ்டியரிங் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். விலையைக் கேட்டதும் என் கணவர் அதை மெதுவாகக் கீழே வைத்தார். இன்னொன்று சோப்புப் பெட்டி அளவுதான். மேலே வரிசையாகப் பத்து விளக்குகள். மலையேறும்போது பச்சை எரிந்தால் பெட்ரோல் போதும், சிவப்பு எரிந்தால் போதவில்லை.

"மொத தடவ செய்றவங்களுக்கு இதான் தம்பி ஈசி. ஈயம் கலந்த பெட்ரோல் மட்டும் ஊத்தாதீங்க, சென்சார் செத்துப்போவும்" என்றார் கடைக்காரர். பிறகு பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினார். "ஆனா நீங்க ரோட்டப் பாப்பீங்களா, லைட்டப் பாப்பீங்களா? தங்கச்சி மடியில வச்சிப் பாத்துச் சொல்லட்டும் லா."

தங்கச்சியை யாரும் கேட்கவில்லை.

நான் அப்போது பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் இருந்தேன். காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சின்னச் சில்லுகளில் கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் கம்பிதான் தெரியும். கொஞ்சம் அசந்தால் ஐந்து மணிக்கு வாசலில் ஹாரன் அடிக்கும். போய் ஏறிக்கொள்வேன். பாலிக் புலாவ் மலைச்சாலையில் அவர் ஒரே மிதியாக மிதிப்பார்.

"என்னா காட்டுது?"

"செவப்பு."

வண்டியை ஓரங்கட்டி, கார்புரேட்டரைத் திறந்து, ஊசித்துளை உள்ள பித்தளைத் திருகு ஒன்றைக் கழற்றிக் கொஞ்சம் பெரிய துளை உள்ளதைப் போடுவார். மறுபடி கீழே போய் மேலே ஏறுவோம். நான்கு நாள் இப்படியே போனது. சிவப்பிலேயே ஓட்டினால் பிஸ்டன் வெந்துபோகும் என்று அவர் நூறு தடவை சொல்லியிருப்பார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் எனக்குத் தலைவலி. வளைவில் கேட்டார், என்னா காட்டுது என்று. சிவப்பு எரிந்தது.

"பச்ச" என்றேன்.

"நல்லா பாரு."

"பச்சதாங்க."

ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்தார். திரும்பும் வழியில் எனக்கு ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல் வாங்கித் தந்தார். வெட்கமில்லாமல் அதையும் குடித்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் கோலாலம்பூரில் என் தங்கைக்குக் கல்யாணம். விடியற்காலையில் கிளம்பினோம். ஈப்போ தாண்டியதும் கார் பெரிதாக ஒரு தட்டுத் தட்டி நின்றது. பிஸ்டனில் ஓட்டை. காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, பட்டுப்புடவையோடு அவருடன் பஸ்ஸில் போனேன். மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி, பந்தி முடிந்து, இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "மன்னிச்சிக்க. சாமானப் பாத்து வாங்கத் தெரியாம போச்சி." நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். தங்கையை நினைத்து அழுகிறேன் என்று எண்ணிக்கொண்டார்.

ஊர் திரும்பியதும் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்ப் பெட்டியை மேசைமேல் வைத்தார். "பச்ச காட்டி எஞ்சின கெடுத்திருச்சிண்ணே."

"ஈயப் பெட்ரோல் ஊத்தியிருப்பீங்க."

"ஒரு சொட்டு ஊத்தல."

"எல்லாரும் அப்படித்தான் தம்பி சொல்றாங்க."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். என் கணவரின் காதுமடல் சிவந்துவிட்டது.  பெட்டியை இன்னும் கொஞ்சம் கடைக்காரர் பக்கம் தள்ளினார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பெட்டி சரியாத்தான் காட்டுச்சிண்ணே" என்றேன். "செவப்புதான் எரிஞ்சிச்சி. நாந்தான் பச்சன்னு சொன்னேன். அசதியா இருந்துச்சி."

சிரித்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கடைக்காரர் பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். என் கணவர் திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எட்டு மணி நேரம் நான் எதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாளாவது விசாரித்தீர்களா என்று.  அவர் திட்டவில்லை.

கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "அந்த நம்பர் காட்டுறதக் குடுங்கண்ணே. ஒரே ஆளு பாத்துக்கிற மாதிரி."

எஞ்சினைச் சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது. அதற்குப் பிறகு ஐந்து மணிக்கு ஹாரன் அடிக்கவில்லை. நான் தூங்குகிறேன் என்று காரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு போய், சாலை முனையில்தான் ஸ்டார்ட் செய்வார். அந்தச் சத்தம் கேட்கும்வரை நான் விழித்துக்கொண்டுதான் கிடப்பேன்.