உப்புத் தண்ணீர் குடித்த கார்

எங்கள் வீட்டில் தண்ணீர் இரண்டு வகை. கிணற்றில் இருப்பது உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, மாட்டைக் கழுவ அது போதும். குடிக்கவும் சோறு பொங்கவும் நல்ல தண்ணீர் வேண்டும். அது ஒரு மைல் தள்ளி ஊருணியிலிருந்து வரும். வரும் என்றால் தானாக வராது. என் மனைவி காலையில் இரண்டு நடை, சாயங்காலம் ஒரு நடை போய், தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகக் கொண்டுவருவாள். உப்பூருக்கு மேற்கே எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை என்பதால் யாரும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

மிளகாய் நல்ல விலைக்குப் போன ஒரு வருடம் எனக்குத் தலைக்கனம் ஏறி, ராமநாதபுரத்தில் ஒரு வக்கீலிடமிருந்து பழைய டீசல் கார் வாங்கினேன். எங்கள் ஊருக்கு அதுதான் முதல் கார். தொழுவத்தில் மாடுகளை ஒரு ஓரமாகத் தள்ளிக் கட்டிவிட்டு அதற்கு இடம் கொடுத்தேன். தினமும் காலையில் துடைப்பேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். சீட்டில் ஒரு சொட்டு காபி சிந்தினாலும் நான் கத்துகிற கத்தில் மாடு மிரளும்.

நாலைந்து வருடம் ஒழுங்காக ஓடியது. பிறகு வழியில் சூடேறி நிற்க ஆரம்பித்தது. நானும் சளைக்காமல் பக்கத்துக் கிணற்றில் வாளி போட்டு இறைத்து ரேடியேட்டரில் ஊற்றுவேன். வீட்டிலிருந்து கிளம்பும்போதும் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். நல்ல தண்ணீரை ஒரு இரும்புக்கு ஊற்ற எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை வராது. அது பாவம் என்றே நினைத்திருந்தோம்.

பதினோராவது வருடம் மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துப்போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியெல்லாம் வெந்நீர்ப் பானையின் அடியைப் போல வெள்ளையாகப் படிந்து கெட்டியாகிக் கிடந்தது.

“என்ன தண்ணிண்ணே ஊத்துனீக?”

“கெணத்துத் தண்ணிதான்.”

“நல்ல தண்ணி ஊத்தக் கூடாதா?”

“குடிக்கவே தட்டுப்பாடா இருக்கு. காருக்கு எங்கேயிருந்துய்யா ஊத்த?”

அவர் தலையில் அடித்துக்கொண்டார். மாட்டித் தருகிறேன், ஏழெட்டுக் கிலோமீட்டர் ஓடும், அதற்கு மேல் கொதிக்கும், பேசாமல் விற்றுவிடுங்கள் என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே என் மனைவி சொன்னாள்: “வித்துட்டு முத்தத்துல ஒரு தொட்டி கட்டுங்க. மாடியில விழுகுற மழைத்தண்ணி அதுல எறங்கட்டும். ஐப்பசி மழைக்கு முந்தி கட்டிரணும். ரெண்டு வருசமா முட்டு வலிக்குது. கொடத்தோட ஒக்காந்து எந்திரிக்க முடியல.”

அவள் என்னிடம் எதையும் கேட்கிற ஆள் இல்லை. முட்டு வலி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சரி என்று சொன்னேன், ஆனால் யார் வாங்குவார்கள்? முதலில் வந்தவர் மச்சினனோடு தேவிபட்டினம் சாலையில் ஓட்டிப் பார்த்தார். இருவரும் நடந்தே திரும்பி வந்தார்கள். அடுத்து வந்தவர் பானெட்டிலிருந்து புகை கிளம்பியதும் கதவைத் திறந்துகொண்டு ஓடினார். அதற்குள் புரட்டாசி பாதி போய்விட்டது. கொத்தனார் வேறு, மழை இறங்கிவிட்டால் குழி தோண்ட முடியாது என்று பயமுறுத்திக்கொண்டிருந்தார்.

மூன்றாவதாகக் காரங்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வரப்போவதாகத் தகவல் வந்தது. வள்ளம் வைத்து மீன்பிடிக்கிறவர். இந்த முறை விடக்கூடாது என்று திட்டம் போட்டேன். விடிந்ததிலிருந்து பானெட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு எஞ்சினைக் குளிரவைத்தேன். மூன்று கிலோமீட்டர் போய் மூன்று கிலோமீட்டர் திரும்பினால் ஆறு. கொதிப்பதற்குள் வீடு வந்துவிடலாம். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெயிலில் கறுத்த மனிதர். என் மனைவி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு, “வண்டி தங்கமான வண்டி தம்பி” என்று ஆரம்பித்தேன்.

“எட்டுக் கிலோமீட்டருக்கு மேல போகாதுங்க” என்றாள் என் மனைவி.

“நீ உள்ள போ” என்றேன்.

அவள் போகவில்லை. “உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி உள்ள பூராம் அடைச்சுப்போச்சு. மெக்கானிக்கே கையை விரிச்சுட்டாரு. தெரிஞ்சு வாங்குறதா இருந்தா வாங்குங்க.” பிறகு என் பக்கம் திரும்பி, “ஏமாத்தித் தொட்டி கட்டுனா அந்தத் தண்ணிய நான் எப்படிக் குடிப்பேன்?” என்றாள்.

அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அவளுக்காகத்தானே நான் விடியற்காலையிலிருந்து சாக்கு நனைத்துக்கொண்டிருக்கிறேன்!

அந்த மனிதர் சிரித்தார். “வாரப்பவே பாத்தேங்க்கா. ரேடியேட்டருக்குக் கீழ துருத்தண்ணி வடிஞ்ச தடம் கெடக்கு. எனக்குக் காரு வேணாம். எஞ்சின்தான் வேணும்.”

எனக்கு விளங்கவில்லை. அவரே விளக்கினார். எஞ்சினைக் கழற்றி வள்ளத்தில் மாட்டுவாராம். கடல் தண்ணீர் குழாய் வழியாக உள்ளே போய் வெளியே வந்துகொண்டே இருக்குமாம், சூடேற நேரமே இருக்காதாம். அடைத்திருப்பதை ஆசிட் விட்டு முடிந்த மட்டும் கரைத்தாலே வள்ளத்துக்குப் போதுமாம்.

“இம்புட்டு நாளு உப்புத் தண்ணி குடிச்சுப் பழகுனதுதானண்ணே. எங்ககிட்ட நல்லாருக்கும்.”

பேரம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. காரங்காடு வரை நானே ஓட்டிக்கொண்டுபோய் விட்டேன். வழியில் மூன்று இடத்தில் நின்றது. மூன்று இடத்திலும் அவர் இறங்கி, அவசரமே படாமல் பீடி பற்றவைத்துக்கொண்டார். எஞ்சினைக் கழற்றிய பிறகு காரின் கூடு மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது, இனி எங்கே நிற்குமோ என்ற கவலை இல்லாமல் ஜன்னல் ஓரம் தூங்கினேன்.

மழை பிந்தியது. தொட்டிக்கு மூடி போட்ட நாலாம் நாள்தான் கொட்டியது. இரண்டு நாள் விடாமல் பெய்து முக்கால் தொட்டி நிறைந்தது. மூன்றாம் நாள் காலை என் மனைவி வழக்கம்போலக் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பத்தடி போய் நின்றாள். திரும்பி வந்து முற்றத்தில் தொட்டி மூடியின் மேல் உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இப்ப எனக்கு என்ன வேலைன்னு தெரியலையே” என்றாள். பிறகு அவளே சிரித்தாள். “பதினோரு வருசம் வீட்டுல காரு நின்னுச்சு. ஒருநா கூட ரெண்டு கொடத்த அதுல ஏத்திட்டு வருவோம்னு நம்ம ரெண்டு பேருக்கும் தோணலை பாருங்க.”

நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குத் தோன்றவில்லை என்பது உண்மை. அவளுக்கும் தோன்றவில்லை என்பதைத்தான் நான் இன்றுவரை நம்பவில்லை.