சாம்பவியின் நகைப்பெட்டி

ஷெல்லிடமிருந்து வலக்கையின் மூன்று விரல்களை வென்றவள். இரண்டாம் விசாரணையில் அகதி வழக்கை வென்றவள். மூன்றாம் தடவை தோற்றிய பிரெஞ்சு வாய்மொழிப் பரீட்சையில் வேலையையும், கிளப் போட்டியில் முதலிடத்தையும் வென்றவள். இப்போது சமையலறைத் தொட்டியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறாள். தட்டில் வடை ஆறுகிறது.

"ஈயம், அண்ணை. சுட்டுப்போட்டு வந்தால் முதல்ல கை, பேந்துதான் வடை."

சாம்பவி என் தங்கை. கார்ட்டியர்வில்லில் ஒரு கார்டரியில், பகல்நேரக் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்க்கிறாள். வலக்கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் இல்லை. ஆனாலும் அவள் கட்டிவிட்ட சப்பாத்து நாடா அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. எழுத்து மட்டும்தான் வரவில்லை. இடக்கையால் பேனா பிடிக்க அம்மா விட்டதில்லை. "சரஸ்வதி கோவிப்பா" என்று, ஷெல் பட்ட சின்ன வயதிலேயே தட்டிவிட்டார். மிஞ்சிய விரல்களுக்குள் பேனாவைச் செருகி ஒரு கோடு போடுவாள். வங்கியிலும் கடவுச்சீட்டிலும் அந்தக் கோடுதான் அவள்.

அவளுடைய அறையில் பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்று இருந்தது. அது நகைப்பெட்டி என்றே நானும் அம்மாவும் நம்பியிருந்தோம். "பிள்ளை சத்தம்போடாமல் நகை சேர்க்குது" என்று அம்மா கோயிலிலும் சொல்லி வைத்திருந்தார். ஒரு கலியாண வீட்டுக்குப் போட அம்மா ஒரு சங்கிலி கேட்டபோதுதான் அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கறுப்புப் பஞ்சணையில், விசைக்குத் தனிப் பூட்டுப் போட்ட கைத்துப்பாக்கி. அம்மா கட்டிலில் இருந்துவிட்டார்.

"எடி, உதுக்குப் பயந்துதானேடி ஓடி வந்தனாங்கள்!"

"லைசென்ஸ் இருக்கம்மா. கிளப்பிலை கடதாசிக்குத்தான் சுடுறனான்."

"நாளைக்கே குடுத்துப்போடு."

"குடுத்தால் பேந்து வாங்கேலாது. சட்டம் மாறிட்டுது. வைச்சிருக்கிற ஆக்கள் வைச்சிருக்கலாம், அவ்வளவுதான். இது போனால் எனக்கு இனி ஒண்டும் இல்லை."

அன்றிலிருந்து அம்மா சோற்றுக் கோப்பையை அவள் முன்னால் டொக்கென்று வைத்தார். கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நீ ஒருக்கா அந்தக் கிளப்புக்குப் போய்ப் பார். பைத்தியம் எண்டால் நீயே நிப்பாட்டு" என்றார்.

போனேன். செக் நாட்டில் செய்யும் விலை கூடிய போட்டித் துப்பாக்கி ஒன்றைப் பார்த்துத் துருக்கியில் செய்த மலிவு நகல் அவளுடையது. 'துருக்கிக்காரன்' என்று பெயர் வைத்திருக்கிறாள். விசை மாரியில் ஊறிய கதவுபோல் இறுகும். தவறிச் சுடாமல் தடுக்கும் பாதுகாப்பு நெம்பு வலக்கைக்காரருக்காக ஒரு பக்கத்தில் மட்டுமே உண்டு. இவள் இடக்கைப் பெருவிரலைப் பின்புறமாக வளைத்துக் கொண்டுபோய் அதைத் தட்டுகிறாள். வலக்கையின் மூன்று விரல்களும் கீழிருந்து தாங்குகின்றன.

பக்கத்து வரிசையில் அந்தச் செக் அசலோடு நின்ற கிளப்காரர் நகுலேஸ்வரன் சிரித்தார். "தங்கச்சி, உது துப்பாக்கியோ, ஆணி அடிக்கிற சாமானோ?"

"சுட்டுப்போட்டுக் கதைப்பம், அண்ணை. உங்கடை ஆணியையும் நானே அடிச்சுத் தாறன்."

முதல் வெடி கேட்டது. காதுக் கவசம் போட்டிருந்தும் நான் தலையைப் பொத்திக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டேன். அவள் துப்பாக்கியைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு என் தோளைத் தொட்டாள்.

"அண்ணை, எழும்புங்கோ. இது நான்."

"உனக்குப் பயமில்லையோ?"

"மற்றவன் சுட்டால்தான் பயம். நான் சுட்டால் எப்ப வெடிக்கும் எண்டு எனக்குத் தெரியுமே."

மறுபடி நின்றாள். எழுதவும் நீட்டவும் விடாமல், சின்ன வயதிலிருந்தே நாங்கள் மேசைக்குக் கீழே மறைக்கச் சொன்ன அந்த இடக்கை, சுவரில் அடித்த கொக்கிபோல் அசையாமல் நின்றது. கடதாசியின் நடுவில் ஓட்டைகள் ஒன்றையொன்று தின்றன. நகுலேஸ்வரன் தன் கடதாசியைச் சுருட்டிக்கொண்டு போனார்.

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றார். "என்ன, பைத்தியமோ?"

"இல்லையம்மா. கை ஒரு துளியும் நடுங்கேல்லை."

"எந்தக் கை?"

"இடக்கை."

அம்மா உள்ளே போய்விட்டார். கோப்பைச் சத்தம் மட்டும் அடுத்த நாளிலிருந்து குறைந்தது.

செப்டெம்பரில் நடந்த கிளப் போட்டியில் சாம்பவி முதலாவதாக வந்தாள். அதில் வென்றவர் தன் கடதாசி இலக்கில் பெயரைக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது சுவரில் ஏறும். சாம்பவி கையெழுத்து வைக்காமலே அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள். "கோட்டைப் போட்டால் சிரிப்பாங்கள்" என்றாள்.

விஜயதசமி அன்று சாமித்தட்டில் என் வேலைக் கையுறையும் கத்தரிக்கோலும் புத்தகங்களும் இருந்தன. அம்மா எண்ணிப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எல்லாற்றையும் வைச்சாச்சு. உன்ரையைக் கொண்டா."

நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். சாம்பவி குண்டு போடாத துப்பாக்கியை, பூட்டோடு, கொண்டுவந்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். பூசை முடிந்ததும் அதை உடனே பெட்டிக்குள் பூட்டினாள். திரும்பி வந்தபோது சின்னப் பிள்ளைகளுக்கு முதல் எழுத்துத் தொடக்குவதுபோல் அம்மா ஒரு தட்டில் பச்சையரிசி பரப்பியிருந்தார்.

"இரு."

"என்னம்மா, ஏடு தொடக்கவோ? எனக்கு முப்பத்தாறு வயசு!"

"இரு எண்டால் இரன்."

அவள் பழக்கத்தில் வலக்கையை நீட்டினாள். அம்மா அதை மெல்ல மடியில் வைத்துவிட்டு, இடக்கையை எடுத்தார். சுட்டுவிரலில் சந்தனம் தொட்டார். இருவருமாக அரிசியில் பெயரை எழுதினார்கள். பிறகு சாம்பவி அலுமாரிக்குப் பின்னாலிருந்து அந்தக் கடதாசியை எடுத்து விரித்தாள். பேனாவை இடக்கையில் பிடித்து, ஓட்டைகளுக்குக் கீழே, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டுத் திகதியும் போட்டாள்:

2024 ஒக்டோபர் 12, சனிக்கிழமை.