பெக் வான் உட்கார்ந்த ஒரே ஆட்டம்

சிவப்புச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் கஞ்சிக் கடையில் அந்த மாதம் முழுக்க ஒரே பேச்சுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலைத் தூர்த்த மண்ணில் எழும்பிய பொன்நாரை மாளிகை சனிக்கிழமை மாலை நாலு மணிக்குத் திறக்கப்போகிறது. மக்காவ் நகரத்தில் சூதாட்டக் கூடங்களுக்கா பஞ்சம்? ஆனாலும் புதுக் கூடம் என்றால் ஆட்களுக்குப் புது ரத்தம் ஊறிவிடும்.

“புதுச் சூதாட்ட வீட்டுக்கு முதல் ஏழு நாள் பசி எடுக்காது,” என்றார் ஃபாட் மாமா. மீன் சந்தையில் நாற்பது வருஷம் தராசு பிடித்தவர். “வந்தவனுக்கெல்லாம் வாரிக் குடுக்கும். எட்டாம் நாள்தான் முழுங்க ஆரம்பிக்கும். அதுக்குள்ள போயிட்டு வந்துடணும்.”

“போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. ரெண்டாம் நாளே உங்க கைக்கடிகாரத்த அடகுக் கடைக் கண்ணாடிக்குள்ள பாத்தேன்,” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூய்.

“அது வீட்டோட தப்பு இல்ல. அவசரத்துல பெரிய வாசல் வழியாப் போயிட்டேன். பெரிய வாசல்னா சிங்கத்தோட வாய்னு ஊரே சொல்லுது. அதுக்குள்ள நானே நடந்து போனா, அது கடிக்காம முத்தமா குடுக்கும்? இந்தத் தடவை பக்கவாசல்தான்.”

மூய்க்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. உறுப்பினர் அட்டையில் புள்ளி சேர்த்தால் அரிசிக் குக்கர் தருவார்களாம், இலவசப் பேருந்தில் குளிர்ச்சி நன்றாக இருக்குமாம்.

“உன் வீட்ல ஏற்கெனவே ஆறு குக்கர் இருக்கு. அரிசிதான் இல்ல,” என்றார் ஃபாட் மாமா.

பெக் வான் கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேண்டியது வாரிக் கொடுக்கும் வீடும் இல்லை, குக்கரும் இல்லை. ஒரு நாற்காலி. சீட்டு மேசையில் ஆடுகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் ஒரே ஒரு ஆட்டம் உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அவளுக்கு அறுபது முடிந்து இரண்டு மாதம். முப்பத்தெட்டு வயது வரை பின்னலாடைத் தொழிற்சாலையில் கழுத்துப்பட்டி தைத்தாள். தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன, கூடங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவளுடைய தெருவில் பாதிப் பெண்கள் தையல் இயந்திரத்திலிருந்து எழுந்து நேராகச் சீட்டுப் போடும் வேலைக்குப் போனார்கள். மூன்று மாதப் பயிற்சியில் சீட்டை உருவவும் பந்தயச் சில்லுகளை அடுக்கவும் கற்றாள். மேசையை விட்டு நகரும்போதெல்லாம் இரண்டு கைகளையும் தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். நான் எதையும் எடுக்கவில்லை என்று அதற்குப் பொருள். நாளடைவில் அது கையோடு ஒட்டிப்போனது. வீட்டில் கீரை நறுக்கி முடித்தாலும் கைகள் தாமாகத் தட்டி விரியும். “கீரையை எவனும் திருடலம்மா, விடு,” என்பார் கணவர்.

பயிற்சியில் இன்னொன்றும் சொன்னார்கள். என்ன நடந்தாலும் முகம் மாறக் கூடாது. அதற்குத்தான் உண்மையில் சம்பளம் என்று சில மாதங்களில் அவளுக்குப் புரிந்தது. பேக்கராட் ஆட்டத்தில் இரண்டே பக்கம், பேங்கர், பிளேயர். எந்தப் பக்கம் ஒன்பதுக்குக் கிட்டே வருகிறதோ அது ஜெயிக்கும். அந்தந்தப் பக்கத்தில் அதிகப் பணம் வைத்தவருக்குச் சீட்டைப் புரட்டும் உரிமை. அவர் அதை மெல்ல மடிப்பார், ஓரத்திலிருந்து ஒரு நூல் அளவு பார்ப்பார், வேண்டாத புள்ளி பறந்துபோகட்டும் என்று வாயால் ஊதுவார். தோற்றால், கசங்கிய சீட்டு சீட்டுப் போடுகிறவள்மேல் வந்து விழும். கூடவே வசவும் வரும். சாவு மூஞ்சி, தரித்திரம், உன்னைப் பெற்றவளைச் சொல்ல வேண்டும். அவள் சீட்டைப் பொறுக்கி எடுத்து, “நன்றி” என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சொன்னாள். முழங்கால் தேய்ந்தது, சிறுநீரை அடக்கி அடக்கி நோய் வந்தது. முகம் மட்டும் மாறவில்லை. மேலிடத்துக்கு மூன்று முறை புகார் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை.

கூடத்தில் வேலை செய்கிறவர்கள் வேலை நேரம் தவிர எந்தக் கூடத்துக்குள்ளும் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. அந்த மூன்று நாளும் கூட்டம் அலைமோதும் என்பதால் அவளுக்கு ஒருபோதும் விடுப்பு கிடைத்ததில்லை. ஆக, ஆயிரக்கணக்கானவர்களை உட்கார வைத்தவள் ஒரு தடவைகூட அங்கே உட்கார்ந்ததில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டாள். உட்காரலாம். ஒரு சீட்டைத் தானும் மடித்துப் பார்க்கலாம், இன்னொருத்தி தனக்கு “நன்றி” சொல்வதைக் கேட்கலாம். இதற்குப் பெயர் ஆசையா, வன்மமா என்று அவளுக்கே தெரியவில்லை.

பொன்நாரை மாளிகை வீடு வீடாகத் துண்டுச்சீட்டு போட்டிருந்தது. ‘அண்டை வீட்டாரே, முதல் நாற்காலி உங்களுக்கே!’ அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். கூடவே மூவாயிரம் ஹாங்காங் டாலர். ஒரு ஆட்டத்துக்கு ஐந்நூறு டாலர் வைக்கும் மேசை இருக்கும், ஆறு ஆட்டம் ஆடலாம் என்பது அவள் எண்ணம்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கே பக்கவாசலில் முந்நூறு பேர் நின்றார்கள். எல்லாரும் உள்ளூர்க்காரர்கள், எல்லாரும் சிங்கத்தின் வாய்க்குப் பயந்தவர்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு பெண் வந்து நாரைப் படம் போட்ட காகித விசிறி கொடுத்துவிட்டுப் போனாள். பெரிய வாசலில் சிங்க ஆட்டத்து மேளம் கேட்டது. சிவப்புக் காகிதம் சுற்றிய முழுப் பன்றி வறுவல் நாலு தட்டில் உள்ளே போனது. அதன் பின்னால் கறுப்புக் கார்கள் வந்து நின்றன. அவற்றில் இறங்கியவர்கள் யாரும் சிங்கத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நாலு மணிக்குப் பக்கவாசல் திறந்தது. சமையலறையை ஒட்டிய நடையில் நடத்தி, கீழே இறக்கினார்கள். ‘அண்டை வீட்டார் அரங்கம்’ என்று பலகை. உள்ளே தொட்டுப் பணம் வைத்து ஆடும் இருநூறு திரைகள். எல்லாருக்கும் சேர்த்து, தூரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரே ஒரு பெண் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இது சூதாட்டக் கூடமா, பசங்க கேம் ஆடுற கடையா?” ஃபாட் மாமா கத்தினார். “ஏம்பா, மேசை எங்க?”

“மேசை மேல இருக்குங்க. ஒரு ஆட்டத்துக்குக் குறைஞ்சது மூவாயிரம்,” என்றான் சீருடைக்காரன், பல்லெல்லாம் தெரிய. “உங்க வசதிக்காகத்தான் இங்க ஏற்பாடு.”

“எங்க வசதி! மூணு மணி நேரம் வெயில்ல காய வச்சதும் எங்க வசதிக்குத்தானா?”

“மாமா, இங்க அஞ்சு கிலோ அரிசி தர்றாங்க, வாங்கிட்டு அப்புறமாச் சண்டை போடுங்க,” என்று மூய் அவர் சட்டையை இழுத்தாள்.

பெக் வானுக்குக் காது சூடாகிவிட்டது. முதல் நாற்காலியாம். யாருக்கு? இந்த ஊர்க்காரர்களின் கால் தேய்ந்து, கண் கெட்டு, பிள்ளைகளின் தூக்கம் கெட்டு எழும்பிய கட்டடங்கள் இவை. அந்த ஊர்க்காரர்களுக்கு நிலவறை, விசிறி, அரிசி! அவள் மாடிப்படி ஏறினாள். மூவாயிரம் இருக்கிறது. ஆறு ஆட்டம் இல்லை, ஒன்று. இருக்கட்டும்.

மேலே தரைவிரிப்பில் கால் புதைந்தது. எழுபத்தொன்றாம் எண் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பச்சைக்கல் மோதிரம் போட்ட ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார், முன்னால் மலைபோலச் சில்லுகள். பெக் வான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். நல்ல மெத்தை. முழங்கால் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. எதிரே நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், சட்டையில் ‘யி டிங்’ என்று பெயர். “வணக்கம், மேடம்,” என்றாள். மேடம்! பெக் வான் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டத்தில் மோதிரக்காரர் தோற்றார். மடித்து மடித்துக் கந்தலான சீட்டை வீசினார். அது யி டிங்கின் கன்னத்தில் பட்டு விழுந்தது.

“சனியன் புடிச்ச மூஞ்சி! உன்ன யாருடி இந்த மேசைக்கு அனுப்பினது?”

யி டிங் சீட்டைப் பொறுக்கினாள். “நன்றி, சார்.” முகம் மாறவில்லை. கன்னத்தில் மட்டும் ஒரு கோடு சிவந்து எழும்பியது.

அடுத்த ஆட்டத்துக்கு மோதிரக்காரர் ஐம்பதாயிரத்தை பேங்கர் பக்கம் தள்ளினார். சுற்றி இருந்தவர்களும் அவர் பின்னாலேயே வைத்தார்கள். பெக் வான் தன் மூவாயிரத்தை பிளேயர் பக்கம் வைத்தாள். அந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை. ஆகவே சீட்டைப் புரட்டும் உரிமை அவளுக்கு. இரண்டு சீட்டுகள் அவள் முன்னால் வந்து நின்றன.

“இந்தக் கிழவி எங்கேருந்து வந்துச்சு?” என்றார் மோதிரக்காரர். “மூவாயிரத்தத் தூக்கிட்டு வந்து என் ராசியக் கெடுக்குது. ஏ பொண்ணே, சாவு மூஞ்சி, உன்னத்தான். இதை எழுப்பி விடு.”

பெக் வான் சீட்டிலிருந்து கையை எடுத்தாள்.

“அந்தப் பொண்ணுக்குப் பேர் இருக்கு. சட்டையில எழுதியிருக்கு. படிக்கத் தெரியலன்னா கேளுங்க, நான் படிச்சுச் சொல்றேன்.”

 மேற்பார்வையாளர் ஓடி வந்தார். பார்த்தால் சீ ஹோங். ஆறு வருஷம் அவளுக்கு அடுத்த மேசையில் நின்றவன், அவளிடம் தைலம் கடன் வாங்கி முழங்காலில் தேய்த்துக்கொண்டவன்.

“மேடம், உங்களுக்கு வேற மேசை...” என்று ஆரம்பித்தவன் குரலைத் தாழ்த்தினான். “வானக்கா, என் நிலைமையக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. அவர் பெரிய ஆளு. உங்க பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன்.”

“உன் நிலைமை எனக்குப் புரியுது. அந்தப் பொண்ணு கன்னம் உனக்குத் தெரியுதா?”

அவன் கன்னத்தைப் பார்க்காமல் தரைவிரிப்பைப் பார்த்தான்.

“சீட்டு எறங்கியாச்சு, ஹோங். எறங்கின சீட்ட முடிக்காம யாரையும் எழுப்ப முடியாது. விதிய நான் சொல்லணுமா?”

சீ ஹோங் ஒரு அடி பின்வாங்கினான். விதி அப்படித்தான். மோதிரக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. பெக் வான் அவசரப்படவில்லை. கைக்குட்டையை எடுத்து விரல்களைத் துடைத்தாள். சீட்டின் ஓரத்தில் விரல் வைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்த விரல் இதற்குத்தான் காத்திருந்தது. மடிக்கலாம், ஊதலாம், கசக்கி எறியலாம். எப்படியும் ஆட்டம் முடிந்ததும் சீட்டு குப்பைக்குத்தான் போகும். ஆனால் எதிரே அந்தச் சிவந்த கோடு. விரல் மடங்க மறுத்தது.

நேராகத் திருப்பி வைத்தாள். ஒன்று ராஜா, அதற்குப் புள்ளி கிடையாது; மற்றது ஆறு. மொத்தம் ஆறு. சீட்டுகளைச் சேர்த்து, இரண்டு கைகளாலும் எடுத்து யி டிங்கிடம் நீட்டினாள். “நன்றிம்மா.”

யி டிங் திகைத்தாள். சீட்டை வீசினால் என்ன சொல்வது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். நன்றி சொன்னால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லவில்லை. சீட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

மோதிரக்காரர் புரட்டினார். ஏழு. தொடையைத் தட்டிச் சிரித்தார். மூவாயிரம் போனது.

பெக் வான் எழுந்தாள். கைகள் தாமாகத் தட்டிக்கொண்டு விரிந்தன. உள்ளங்கை, புறங்கை. பாதியில் உணர்ந்தாள். ஆனால் கையை இறக்கவில்லை, சீ ஹோங்கின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“நல்லாப் பாத்துக்கோ. இன்னைக்கும் ஒண்ணும் எடுக்கல.” பிறகு மோதிரக்காரர் பக்கம் திரும்பினாள். “இப்ப நீங்க காட்டுங்க.”

மோதிரக்காரர் கையைச் சில்லுகளிலிருந்து எடுக்கவில்லை.

அவள் நேராகப் பெரிய வாசலுக்கு அருகில் இருந்த வாடிக்கையாளர் சேவை மேசைக்குப் போனாள். புகார்ப் படிவம் கேட்டாள். வேலை செய்கிறவர்கள் எழுதும் புகாருக்குப் பதில் வராது. வாடிக்கையாளர் எழுதினால் இருபத்துநான்கு மணி நேரத்தில் பதில் வந்தாக வேண்டும். எல்லாக் கூடத்திலும் அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டக்காரர்கள் அவள்மேலேயே எத்தனை முறை எழுதியிருக்கிறார்கள்!

“நீங்க எங்க வாடிக்கையாளரா, மேடம்?” என்றாள் அங்கிருந்த பெண், பெக் வானின் கையிலிருந்த காகித விசிறியைப் பார்த்துக்கொண்டே.

“ஆமா. மூவாயிரம் குடுத்து வாங்கின பேரு அது.”

மேசை எண் எழுபத்தொன்று என்று எழுதினாள். நேரம் நாலு நாற்பது. யி டிங்கின் கன்னத்தில் சீட்டு பட்டது எந்தக் கேமராவில் எந்தக் கோணத்தில் தெரியும் என்பதையும் எழுதினாள். அது வேறு எந்த வாடிக்கையாளருக்கும் தெரியாது.

கைப்பேசி ஒலித்தது. மூய். “வானக்கா, எங்க இருக்கீங்க? பஸ் வந்துடுச்சு. மாமா ரெண்டு மூட்டை அரிசியோட முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு.”

“நீங்க போங்க. நான் பெரிய வாசல்ல இருக்கேன்.”

பின்னால் ஃபாட் மாமா அலறுவது கேட்டது. “பெரிய வாசல்லயா! சிங்கத்தோட வாய்லயா!”

பெக் வான் படிவத்தை நீட்டினாள். “பதில் நாளைக்குள்ள வந்துடும், மேடம்,” என்றாள் அந்தப் பெண்.

“சரி. வரட்டும்,” என்றாள் பெக் வான். பன்றி வறுவல் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில், விருந்தினருக்காகப் போட்டிருந்த தங்க நிற நாற்காலிகளில் ஒன்றை இழுத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். “அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பேன்.”